ஜிஸாவின் ‘லிக்விட் சோர்ட்ஸ்’: முதல் ஆல்பத்தை மறக்கடித்த இரண்டாவது ஆல்பம்

1995 நவம்பர் 7 அன்று கெஃபன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘லிக்விட் சோர்ட்ஸ்’ என்னும் ஹிப் ஹாப் ஆல்பத்தை அமெரிக்க ராப் கலைஞர் ஜிஸாவின் முதல் தனி ஆல்பம் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் அது அவருடைய இரண்டாவது ஆல்பம். 1991 பிப்ரவரியிலேயே ‘தி ஜீனியஸ்’ என்ற மேடைப் பெயரில் ‘வேர்ட்ஸ் ஃப்ரம் தி ஜீனியஸ்’ என்ற தொகுப்பை அவர் வெளியிட்டிருந்தார், அது எடுபடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. அதே மனிதர், அதே குரல், சொற்களை அடுக்கும் அதே திறமை இருக்கும்போது, ஒன்று ஏன் காணாமல் போனது, மற்றொன்று ஏன் கால் நூற்றாண்டு கடந்தும் கேட்கப்படுகிறது? இடைப்பட்ட காலத்தில் ஜிஸா தேர்ந்த கலைஞராக வளர்ந்துவிட்டார் என்ற வழக்கமான விடை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. எதைப் பாடுவது, யார் இசையமைப்பது, எந்தப் பாட்டை முன்னிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்திடமிருந்து கலைஞர்களின் கைக்கு வந்ததே முதன்மைக் காரணம் என்பதை ஆல்பத்தின் உள்ளிருந்தே காட்ட முடியும் என்று கருதுகிறேன்.

கோல்ட் சில்லினில் நடந்தது

ஜிஸாவின் இயற்பெயர் கேரி க்ரைஸ். 1966-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பின்னாளில் ரிஸா என்று அறியப்பட்ட ராபர்ட் டிக்ஸும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் என்ற பெயரில் புகழ்பெற்ற ரஸல் ஜோன்ஸும் அவருடைய உறவுச் சகோதரர்கள். மூவரில் மூத்தவர் ஜிஸா. 1980-களில் மூவரும் ஒரு குழுவாகச் சேர்ந்து ராப் பாடிப் பழகினார்கள். அந்தக் குழுவின் பெயர் முதலில் ‘ஃபோர்ஸ் ஆஃப் தி இம்பீரியல் மாஸ்டர்’ என்றும், பிறகு ‘ஆல் இன் டுகெதர் நௌ’ என்றும் இருந்தது. அந்த நாள்களில் மூவரும் சேர்ந்து சொல்லிவந்த வரிகள்தான் பத்தாண்டுக்குப் பின் ‘லிக்விட் சோர்ட்ஸ்’ தலைப்புப் பாடலின் பல்லவியாக வந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆல்பத்தின் மூலப்பொருள் புதிதாகக் கண்டெடுத்ததன்று, கையிலேயே இருந்தது.

மூவரில் முதலில் ஒப்பந்தம் பெற்றவரும் ஜிஸாதான். பிக் டாடி கேன், பிஸ் மார்க்கி, கூல் ஜி ராப் ஆகியோரை வைத்திருந்த கோல்ட் சில்லின் நிறுவனம், 1980-களின் இறுதியில் எந்த இளம் ராப்பரும் சேர விரும்பியிருக்கக்கூடிய இடமாகும். அங்கு உருவான அந்த முதல் ஆல்பத்தின் பெரும்பகுதிக்கு இசையமைத்தவர் ஈஸி மோ பீ. இவர் சில ஆண்டுகளில் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் முதல் ஆல்பத்தில் முக்கியப் பங்காற்றியவர். ஆகவே திறமையற்றவர்களின் கையில் ஜிஸா சிக்கினார் என்று சொல்வதற்கில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நடனத் தாளத்தோடு, கறுப்பினத்தவரின் ஜனரஞ்சக இசையான ஆர் அண்ட் பி மெட்டைக் கலந்த நியூ ஜாக் ஸ்விங் பாணி அன்று வானொலியில் கொடிகட்டிப் பறந்தது. அந்தப் பாணியை ஒட்டிய ‘கம் டூ மீ’ என்ற சரசப் பாட்டு அவருடைய அறிமுகச் சிங்கிளாக, அதாவது தனியாக வெளியிடப்பட்ட முதல் பாட்டாக, வந்தது. சொல் கூர்மையால் அறியப்பட வேண்டியவரைக் காதல் நாயகனாக அறிமுகம் செய்தால் இரு தரப்பு ரசிகர்களும் வராமல் போவார்கள், அதுதான் நடந்தது. மூவரும் பின்னர் இடம்பெற்ற வூ-டாங் கிளான் என்ற ராப் குழு புகழ்பெற்ற பிறகு 1994-இல் அந்த ஆல்பம் மறுவெளியீடு கண்டபோது ‘கம் டூ மீ’ பாட்டே நீக்கப்பட்டிருந்தது. முதல் முடிவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை.

ஏறத்தாழ இதே சமயத்தில் ரிஸாவுக்கும் இதே அனுபவம் கிடைத்தது. டாமி பாய் நிறுவனத்துக்காக ‘பிரின்ஸ் ரக்கீம்’ என்ற பெயரில் பெண்களைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு ஒன்றை 1991-இல் வெளியிட்டார். அதுவும் போன இடம் தெரியவில்லை. ஒரே குடும்பத்தில் இருவர், இரண்டு நிறுவனங்கள், ஒரே வகையான தோல்வி. அடுத்து வந்த எல்லாவற்றுக்கும் இந்த இரட்டைத் தோல்வியே பாடமாக அமைந்தது.

ஒப்பந்தம் என்னும் கருவி

ஒன்பது பேர் கொண்ட வூ-டாங் கிளானின் முதல் ஆல்பம் 1993 நவம்பரில் லௌட் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்தது. அதில் இடம்பெற்ற ‘ப்ரொடெக்ட் யா நெக்’ பாட்டின் கடைசிச் சரணம் ஜிஸாவுடையது. மற்றவர்கள் தத்தம் வீரத்தைப் பேசி முடித்த பிறகு வரும் அந்தச் சரணம், இசை நிறுவனங்கள் கலைஞரை எப்படி நடத்துகின்றன என்ற பேச்சுக்குத் திரும்புகிறது. கோல்ட் சில்லினின் பெயரும் உருமாறி அதில் வந்துபோகிறது. குழுவின் முதல் பாட்டிலேயே பழைய கணக்கைத் தீர்க்கத் தொடங்கிவிட்டார்.

லௌட் நிறுவனத்துடன் ரிஸா செய்துகொண்ட ஏற்பாடு அக்காலத்தில் புதுமையானது. குழுவாகப் பாடும்போது அனைவரும் லௌடுக்குக் கட்டுப்பட்டவர்கள். தனியாகப் பாடும்போது ஒவ்வொருவரும் தாம் விரும்பிய நிறுவனத்துக்குப் போகலாம். மெத்தட் மேன் டெஃப் ஜாமுக்கும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் எலெக்ட்ராவுக்கும், ஜிஸா கெஃபனுக்கும், கோஸ்ட்ஃபேஸ் கில்லா எபிக்குக்கும் சென்றார்கள். ரேக்வான் லௌடிலேயே இருந்தார். 1994 நவம்பருக்கும் 1996 அக்டோபருக்கும் இடையே வெளிவந்த இந்த ஐந்து தனி ஆல்பங்களின் இசையும் பெரும்பாலும் ரிஸாவின் கையால் உருவானது. போட்டி நிறுவனங்கள் தத்தம் காசைச் செலவழித்து ஒரே குழுவின் பெயரை வளர்த்தன. இன்னொரு பக்கம், எந்த நிறுவனமும் ஒரு கலைஞருக்கு இசையமைப்பாளரைத் தேடித்தர வேண்டிய நிலை வரவில்லை. அந்த இடம் முன்கூட்டியே நிரப்பப்பட்டுவிட்டது. நிர்வாணா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் போன்ற ராக் இசைக்குழுக்களால் பெயர்பெற்ற கெஃபனைப் போன்ற ஒரு நிறுவனத்தில் இந்த ஏற்பாடு ஜிஸாவுக்கு இன்னும் சாதகமாக அமைந்தது என்றே நினைக்கிறேன். ‘லிக்விட் சோர்ட்ஸ்’ ஆல்பத்தின் 13 பாடல்களில் கடைசிப் பாட்டைத் தவிர மற்ற அனைத்துக்கும் இசை ரிஸா.

ஆல்பத்தில் ‘லேபிள்ஸ்’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. டாமி பாய், டெஃப் ஜாம், ரஃப்ஹவுஸ், நெக்ஸ்ட் பிளாட்டோ, ராப்-எ-லாட் என்று இசை நிறுவனங்களின் பெயர்களையே சொற்களாக வைத்து, அவை பெயராகவும் வாக்கியத்தின் உறுப்பாகவும் ஒரே நேரத்தில் நிற்கும்படி கோத்த நீண்ட சிலேடை அது. முதல் வரியே டாமி பாயின் பெயரை உடைத்துப்போட்டுத் தொடங்குகிறது. அது ரிஸாவுக்காகத் தீர்த்த கணக்காக இருக்கலாம். பட்டியல் பாட்டு என்பது எளிதில் அலுப்புத் தரும் வகை. இதில் அலுப்பு தட்டாததற்குக் காரணம், ஒவ்வொரு பெயரும் முந்தைய வரியின் பொருளை அறுக்காமல் அடுத்த வரிக்குள் வழுக்கிக்கொண்டு போவதுதான். அறியாதவர் கேட்டால் சாதாரண மிரட்டலாகவும், துறையை அறிந்தவர் கேட்டால் ஒரு வணிகத்தின் மீதான புகார் மனுவாகவும் அது ஒலிக்கிறது.

நிலவறையில் உருவான ஒலி

பாடல்கள் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் ரிஸா தம் வீட்டு நிலவறையில் அமைத்திருந்த ஸ்டுடியோவில் 1995-இல் பதிவாயின. அவர் நம்பியிருந்த கருவி சாம்ப்ளர். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சில நொடித் துணுக்குகளை வெட்டி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், சுருதியைத் திரித்தும், சுற்றிச் சுற்றி ஓடவிட்டு அதன் மேல் தாளத்தைப் போடுவது ஹிப் ஹாப் உலகில் எல்லோரும் செய்வது. ரிஸா எங்கிருந்து வெட்டினார், எதை விட்டுவைத்தார் என்பதில்தான் இந்த ஆல்பத்தின் குளிர் இருக்கிறது.

தலைப்புப் பாடல் வில்லி மிட்சலின் ‘க்ரூவின்’ என்ற இசைத்தட்டிலிருந்து எழுகிறது. ‘ஷேடோபாக்ஸின்’ பாட்டுக்கு அடித்தளம் ஆன் பீபிள்ஸ் பாடிய ‘ட்ரபிள், ஹார்ட்ஏக்ஸ் அண்ட் சேட்னஸ்’. இரண்டுமே மெம்ஃபிஸ் நகரின் ஹை ரெக்கார்ட்ஸ் வெளியிட்டவை. பீபிள்ஸின் பாட்டைத் தயாரித்தவரும் அதே வில்லி மிட்சல்தான். ‘டூயல் ஆஃப் தி அயர்ன் மைக்’ பாட்டின் பியானோ, அதே மெம்ஃபிஸின் டேவிட் போர்ட்டருடைய பதிவிலிருந்து வந்தது. 1960, 1970-களின் தென்மாநில சோல் இசை கதகதப்பானது. தேவாலயத்து ஆர்கனும் மனித நெருக்கமும் கலந்தது. ரிஸா அந்தக் கதகதப்பைத் தரும் பாட்டுக் குரலையும் இசையின் மலர்ச்சியையும் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிட்டு, மெட்டு எங்கே சோகத்தை நோக்கித் திரும்புகிறதோ அந்த ஒரு திருப்பத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார். பிறகு அது நான்கு நிமிடம் விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆறுதலுக்கு வரவேண்டிய அடுத்த வரி வருவதே இல்லை. இந்த ஆல்பத்தைக் கேட்பவர்கள் பனிக்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு நவம்பர் வெளியீடு ஒரு காரணமாக இருக்கலாம்; ஆனால் இந்தத் தடுத்து நிறுத்தப்பட்ட மெட்டுகளே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஆல்பத்துக்குக் கதை வடிவம் கொடுத்தது ‘ஷோகன் அசாசின்’ என்ற படம். கென்ஜி மிசுமி இயக்கி 1972-இல் வெளிவந்த இரண்டு ஜப்பானியச் சாமுராய் படங்களை வெட்டி ஒட்டி, ஆங்கிலக் குரல் சேர்த்து 1980-இல் அமெரிக்காவில் வெளியிட்ட படம் அது. ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகனிடம் தலை கொய்யும் பணியிலிருந்த ஒரு வீரன், தன் மனைவி கொல்லப்பட்டபின் சிறுவனான மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். கதையைச் சொல்வது அந்தச் சிறுவனின் குரல். ஆல்பம் அந்தக் குரலோடுதான் தொடங்குகிறது. தன் தந்தை எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தார் என்று உணர்ச்சியே இல்லாமல் ஒரு குழந்தை சொல்லிக்கொண்டே போக, ஒரு நிமிடத்துக்குப் பிறகு தாளம் விழுகிறது. ‘ஃபோர்த் சேம்பர்’ பாட்டின் முன்னுரையாக வருவது இன்னும் கொடிய காட்சி. பேச்சும் வராத குழந்தையின் முன் தந்தை ஒரு வாளையும் ஒரு பந்தையும் வைக்கிறான். வாளைத் தொட்டால் அவனோடு வரலாம்; பந்தைத் தொட்டால் இறந்துபோன தாயிடம் அனுப்பிவைப்பான். குழந்தை எதைத் தொட்டது என்று அறிந்த மறுகணம், இரைச்சலான கிட்டார் ஒலியோடு கோஸ்ட்ஃபேஸ் கில்லா பாய்ந்து வருகிறார்.

இந்த வசனங்களைச் சேர்க்கும் யோசனை ஆல்பத்தின் இறுதிக்கட்ட வேலையின்போதுதான் ரிஸாவுக்கு எழுந்தது என்று ஜிஸா பின்னாளில் கூறியிருக்கிறார். அப்படியானால் பாடல்கள் அந்தக் கதைக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆயினும், தெருவில் வளரும் சிறுவனுக்கு வாளைத் தவிர வேறு தேர்வு வைக்கப்படவில்லை என்பது பாடல்களில் ஏற்கெனவே இருந்த செய்தி. கடைசி நேரத்தில் இத்தகைய முடிவை ஒரு பெரிய நிறுவனத்தின் வணிகப் பிரிவுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தால் அது என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

எழுத்தின் சிக்கனம்

ஜிஸா உரக்கப் பேசுவதில்லை. ஓல் டர்ட்டி பாஸ்டர்டைப் போலக் கூவுவதோ, மெத்தட் மேனைப் போலக் குரலால் வித்தை காட்டுவதோ அவருக்கு வராது. வாக்குமூலம் கொடுப்பவரின் சீரான தொனியில், இயைபு வரியின் ஈற்றில் மட்டும் நில்லாமல் நடுவிலும் விழும்படி, அவர் செய்திகளை அடுக்கிக்கொண்டே போவார். ‘கோல்ட்’ பாட்டின் தொடக்கம் நல்ல எடுத்துக்காட்டு. உயரத்தில் ஓடும் ரயில் தடத்தின் கீழே ஒருவன் காத்திருக்கிறான். ரயிலைப் பிடிக்க அன்று. ரயில் தலைக்கு மேல் போகும் இரைச்சலில் துப்பாக்கிச் சத்தம் அமுங்கிவிடும் என்பதற்காக. கோபம், பகை, அச்சம் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. இடமும் நேரமும் ஒலியும் மட்டும் சொல்லப்பட்டு, மீதி கேட்பவரிடம் விடப்படுகிறது.

‘கில்லா ஹில்ஸ் 10304’ இந்த முறையின் உச்சம். 10304 என்பது ஸ்டேட்டன் ஐலண்டில் வூ-டாங் உறுப்பினர்கள் பலர் வளர்ந்த பகுதியின் அஞ்சல் குறியீடு. போதைப்பொருள் வணிகத்தின் மேல்தட்டைப் பற்றிய அந்தப் பாட்டில் கதாநாயகனும் இல்லை, கதையின் நேர்கோடும் இல்லை. ஒருவர் கேட்ட செய்திகளை மற்றவருக்குச் சொல்வதுபோல் துண்டு துண்டாக நகர்கிறது. முன்னாள் கையாள் ஒருவன் அரைக் கிலோ சரக்கைக் காலுக்குள் வைத்து அறுவைச் சிகிச்சை செய்து கடத்தப் பார்க்கிறான். கடற்கொள்ளையன்போல் அவன் நொண்டிய நடையைப் பார்த்தே சுங்கச் சோதனையில் பிடித்துவிடுகிறார்கள். ஷாம்பெயின் புட்டிகளில் குண்டு வைக்கப்படுகிறது. விருந்தில் மூடியைத் திறந்தவர்களின் தலை போகிறது. ஒவ்வொன்றும் ஒரு திரைப்படத்துக்குப் போதுமான சம்பவம். ஜிஸா ஒவ்வொன்றுக்கும் ஒதுக்குவது இரண்டு மூன்று வரிகள். 1997-இல் வந்த குழுவின் இரண்டாவது ஆல்பத்தில், சுருக்கமாகச் சொல், பாதி நீளமும் இரட்டை வலிமையும் இருக்கட்டும் என்ற பொருளில் அவரே ஓரிடத்தில் அறிவுரை சொல்கிறார். அதைச் சொல்வதற்கு முன்பே அவர் கடைப்பிடித்த நெறி அது.

இதற்குச் சதுரங்க விளையாட்டைக் காரணமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆல்பத்தின் அட்டை அதற்கு இடம் கொடுக்கிறது. ஓவியர் டெனிஸ் கவன், கறுப்பின ஓவியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து தொடங்கிய மைல்ஸ்டோன் காமிக்ஸ் நிறுவனர்களில் ஒருவர். சதுரங்கப் பலகையின் கட்டங்கள் மேல் வாள்வீரர்கள் மோதுவதாக அதை வரைந்தார். ஜிஸா சதுரங்கத்தில் தீவிரப் பற்றுள்ளவர் என்பதும், 2005-இல் டி.ஜே. மக்ஸுடன் இணைந்து ‘கிராண்ட்மாஸ்டர்ஸ்’ என்றே ஓர் ஆல்பம் செய்தார் என்பதும் உண்மை. ‘ஐ காட்சா பேக்’ பாட்டு முதலில் வெளிவந்தது 1994-ஆம் ஆண்டின் ‘ஃப்ரெஷ்’ என்ற திரைப்படத்தின் இசைத்தொகுப்பில். அந்தப் படமோ, போதைப்பொருள் விநியோகிக்கும் 12 வயதுச் சிறுவன் தந்தையிடம் கற்ற சதுரங்க அறிவைக் கொண்டு தன் முதலாளிகளை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் கதை. பொருத்தம் வியப்பூட்டுவதுதான். இருந்தாலும், சதுரங்கம் ஆடுகிறவர்கள் எல்லோரும் சுருக்கமாக எழுதிவிடுவதில்லை. முதல் ஆல்பத்தின் காலத்திலும் அவர் சதுரங்கம் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

விருந்தினர்களும் விடுபட்டவையும்

தனி ஆல்பம் என்ற பெயர் இருந்தும் வூ-டாங்கின் எல்லா உறுப்பினர்களும் இதில் ஏதோ ஓரிடத்தில் தலைகாட்டுகிறார்கள். ‘ஷேடோபாக்ஸின்’ பாட்டில் மெத்தட் மேனுக்கு இரண்டு சரணங்கள், ஜிஸாவுக்கு நடுவில் ஒன்று மட்டும். தம் பெயரில் வரும் ஆல்பத்தின் மிகப் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றில் விருந்தாளிக்குத் தன்னைவிடப் பெரிய இடத்தைக் கொடுப்பது, முதல் ஆல்பத்தில் தோற்றவர் எளிதில் செய்யக்கூடிய காரியமன்று. மெத்தட் மேனின் குரல் துள்ளி விளையாடிய பிறகு வருவதால்தான் ஜிஸாவின் நிதானம் அச்சுறுத்தலாகக் கேட்கிறது என்பதை இருவருமே அறிந்திருக்க வேண்டும்.

இறுதிப் பாட்டான ‘பி.ஐ.பி.எல்.இ.’ வேறு வகை. இசை ஃபோர்த் டிசைப்பிள். பாடுபவர் வூ-டாங்கைச் சார்ந்த கலைஞரான கில்லா ப்ரீஸ்ட் மட்டும். சமயத்தையும் ஏமாற்றத்தையும் தேடலையும் பற்றிய அந்தப் பாட்டில் ஜிஸா இல்லவே இல்லை. தன்னளவில் அது நல்ல பாட்டு. வன்முறைக்குப் பின் வரும் மூச்சுவிடும் இடம் என்று பாராட்டுகிறவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அது வேறொருவருடைய ஆல்பத்தின் முதல் பாட்டாக ஒலிக்கிறது, இந்த ஆல்பத்தின் முடிவாக அல்ல. குழு ஏற்பாட்டின் பலம் எங்கே பலவீனமாகிறது என்பதற்கு இதையே காட்டலாம்: எல்லோருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்ற கடமை, ஆல்பத்தின் வடிவத்தைவிட முந்திக்கொள்கிறது. பெண்கள் இந்த உலகில் பெயரளவுக்கே இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘கோல்ட் வேர்ல்ட்’ பாட்டில் தெருவின் இழப்பைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர், அந்த இழப்பை வீட்டில் இருந்து தாங்கியவர்களின் பக்கம் திரும்பவில்லை.

வரவேற்பும் ஓர் ஒப்பீடும்

அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் ஆல்பம் 9-ஆம் இடம் வரையும், ஆர் அண்ட் பி பட்டியலில் 2-ஆம் இடம் வரையும் சென்றது. 1996 ஜனவரியில் 5 லட்சம் படிகளுக்கான தங்கச் சான்று கிடைத்தது. 10 லட்சத்துக்கான பிளாட்டினம் சான்று வருவதற்கு 2015 ஆயிற்று. ஒரே மூச்சில் விற்றுத் தீர்ந்த ஆல்பமன்று இது; ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒவ்வொரு தலைமுறையாகப் போய்ச் சேர்ந்தது. 2007 முதலே இசை விழாக்களில் இதைத் தொடக்கம் முதல் இறுதிவரை மேடையில் நிகழ்த்த ஜிஸாவை அழைத்தார்கள். 2012-இல் சதுரங்கப் பலகையும் காய்களும் சேர்ந்த சிறப்புப் பெட்டியாக மறுவெளியீடும் வந்தது. அதே ஆண்டு முதல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர் கிறிஸ்டஃபர் எம்டினுடன் சேர்ந்து, நியூயார்க் பள்ளி மாணவர்கள் அறிவியல் பாடங்களை ராப் வரிகளாக எழுதிக் கற்கும் திட்டத்திலும் அவர் ஈடுபட்டார்.

முடிவெடுக்கும் உரிமை முக்கியம் என்ற என் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. அந்த உரிமை அவருடைய மூன்றாவது ஆல்பத்திலும் இருந்ததே என்று கேட்கலாம். 1999-இல் வந்த ‘பெனீத் தி சர்ஃபேஸ்’ ஆல்பத்திலும் ஜிஸா தாம் விரும்பியதையே எழுதினார். அதுவும் பில்போர்டில் அதே 9-ஆம் இடத்தைத் தொட்டது. வரிகளின் தரமும் குறையவில்லை. ஆனால் ரிஸாவின் பங்கு மிகவும் குறைந்து, இசைப் பொறுப்பு பலரிடம் பிரிந்திருந்தது. தனித்தனியாக எடுத்தால் நல்ல பாட்டுகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் அடைத்துப் பூட்டிய அந்த ஒற்றைக் காது இல்லை. நிறுவனத்திடமிருந்து பறித்த அதிகாரம் 1995-இல் ஜிஸாவிடம் மட்டும் வந்து சேரவில்லை. அதில் பாதிக்கு மேல் நிலவறையில் சாம்ப்ளரின் முன் அமர்ந்திருந்த இளைய சகோதரரிடம் போயிற்று, ஜிஸா அதை விட்டுக்கொடுத்தார். மூன்றாவது ஆல்பத்தை விரும்பிக் கேட்கிறவர்கள்கூட அதன் பாட்டுகளின் வரிசையை நினைவிலிருந்து சொல்லத் தடுமாறுவார்கள். ‘லிக்விட் சோர்ட்ஸ்’ கேட்டு வளர்ந்தவர்களுக்கோ ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த வசனத்தின் முதல் சொல் காதில் விழுந்துவிடும்.